லோதி ரோடு அண்ணன்

டெல்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தில் பத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்தால் அதில் ஓர் ஆராய்ச்சி அண்ணன் இருப்பார். தீபாவளிக்கு மறுநாளிலிருந்து அவர் காற்று நிபுணர். "நாளைலேர்ந்து கமலா நேரு ரிட்ஜ்ல ஓடலாம்னு இருந்தேம்மா. இதப் பாரு" என்று போனை நீட்டுவார்.

போனில் இரண்டு செயலிகள். ஒன்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர். அதன் அளவு 500-ல் நின்றுவிடும். மற்றது சுவிட்சர்லாந்துக்காரர்களின் ஐக்யூஏர். அதற்கு உச்சவரம்பு இல்லை, டெல்லி நவம்பரில் ஆயிரத்தைத் தாண்டியும் காட்டும். ஓட்டம் என்று பேச்செடுத்தால் அண்ணன் சுவிட்சர்லாந்தை நம்புவார். மஜ்னு கா டில்லாவுக்கு மோமோ தின்னப் போவதென்றால் இந்திய அரசை நம்புவார். அதிலும் காற்று மோசமான ஆனந்த் விகார் அளவீட்டு நிலையத்தின் பக்கம் திரும்ப மாட்டார். மரங்கள் அடர்ந்த லோதி ரோடு நிலையம்தான். "270தான்டா, பரவால்ல, வண்டிய எடு." நாங்கள் இருப்பதோ விஜய் நகரில். பக்கத்தில் பல்கலைக்கழகத்திலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அதை அவர் சீந்துவதில்லை. அதைப் பார்த்தால் இரண்டு வேலைக்கும் ஒரே எண் வந்துவிடுமே!

2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 494. வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டமான கிராப்பின் நாலாம் கட்டம் என்று சொல்லி, அவசியமற்ற லாரிகளை ஊருக்குள் விடவில்லை. "லாரியே ஓடக் கூடாதாம், நான் ஓடலாமா?" என்றார். நியாயம்தான். அந்தக் காற்றில் மூச்சிரைக்க ஓடுவது மடத்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாரம் முர்த்தலில் பராட்டாவோடு அவர் எடுத்த படம் குரூப்பில் வந்தது. ஐம்பது கிலோமீட்டர், பைக்கில், முகக்கவசம் இல்லாமல்.

வெயில் வந்தால் டெல்லியின் முங்கேஷ்பூர் வானிலை நிலையம். 2024 மே 29-ல் அங்கே பதிவான 52.9 டிகிரி அவருக்கு மனப்பாடம். கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டிவிட்டதாக அரசே அப்புறம் சொன்னதே அண்ணா என்றேன். "சரி, 49.9. நீ ஓடுறியா?"

மழைக்காலத்தில் டெங்கு. பிப்ரவரி, மார்ச்சில் வெயிலும் இல்லை, காற்றும் தேவலை, அப்போது தீசிஸ்.

நல்ல மனுஷர். எனக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்து எடுத்துவருவார், எந்தக் குறியீட்டையும் பார்க்காமல்.

ஆனாலும் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் பி.ஜி.யில் ராத்திரி ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டு. ரிட்ஜ் பக்கம் தனியாகப் போகாதே என்று காவலாளியும் சொல்கிறார், ஊரிலிருந்து அம்மாவும் சொல்கிறாள். விடுதிப் பூட்டை எதிர்த்து 2015-ல் இங்கே மாணவிகள் 'பிஞ்ஜ்ரா தோட்' (கூண்டை உடை) என்று இயக்கமே தொடங்கினார்கள். பூட்டு இன்னும் பூட்டாகத்தான் இருக்கிறது. நாங்கள் ஓடாததற்கு எந்தச் செயலியிலும் எண் காட்டுவதில்லை.

அண்ணனுக்கு எந்தக் கேட்டும் கிடையாது. போன வருஷம் வாங்கிய ஓட்ட ஷூ, ஒன்பதாம் நம்பர், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் கட்டிலடியில் இருக்கிறது. அந்த அளவுக் கால் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வாங்கித் தருகிறேன்.