நாலு சீட்டும் ஒரு மாமனும்

சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. எங்கள் கொல்லிமலை சேந்தமங்கலம் தொகுதியில் வருகிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கியவை இரண்டுதான். ஒன்று ஏற்காடு, இன்னொன்று எங்களுடையது. 2011-இல் தே.மு.தி.க., 2016-இல் அ.தி.மு.க., 2021-இல் தி.மு.க. என்று வாய்க்கால் தண்ணீர் மாதிரி முறை வைத்துத் திருப்பிவிட்டிருக்கிறோம். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வழியில்லை.

வம்பெல்லாம் உள்ளாட்சித் தேர்தலில்தான். 2019 டிசம்பரில் ஆளுக்கு நாலு சீட்டு கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பச்சையும் மஞ்சளும் கட்சிச் சின்னம்; யோசிக்காமல் குத்தலாம். வெள்ளையில்தான் மாட்டிக்கொண்டேன். பூட்டு சாவியில் நின்றவர் எனக்குப் பெண் கொடுத்த மாமன். ஆட்டோவில் நின்றவர் பங்காளி. வரப்போரம் இருக்கும் அவருடைய சில்வர் ஓக் மரங்களில்தான் என் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. சொந்தமில்லாத வேட்பாளர் வேண்டுமென்றால் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் காரவள்ளிக்குப் போய்த்தான் தேட வேண்டும்.

முதல் நாள் ராத்திரி பங்காளி வந்தார். ஓட்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. டார்ச்சை மரத்தின் மேல் அடித்து, "மிளகு நல்லா சரம் புடிச்சிருக்குது. மரத்தை வெட்டிரலாமான்னு ஒரு யோசனை இருந்துச்சு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமன் வரவேயில்லை. அவருக்கு அந்த அவசியமும் இல்லை. சமையற்கட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, நம்ம வீட்டுல எங்கப்பாவுக்கு மொத்தம் எத்தனை ஓட்டு?" என்றாள். கையில் சோற்றுக் கரண்டி இருந்தது.

ரகசிய வாக்கெடுப்பு என்பதெல்லாம் லட்சம் பேர் போடுகிற இடத்தில்தான். சில நூறு ஓட்டுள்ள வார்டில், எண்ணி முடித்த அன்று சாயங்காலமே திண்ணையில் கழித்தல் கணக்கு ஆரம்பமாகிவிடும். சத்தியம் பண்ணியவர்கள் இத்தனை பேர், விழுந்தது இத்தனை, அப்படியானால் அந்த மூணு பேர் யார்? நான் யாருக்குக் குத்தினேன் என்பதை இங்கேயும் எழுதுவதாக இல்லை. மிளகும் பத்திரமாக இருக்கிறது, சாப்பாடும் கிடைக்கிறது.

நோட்டா இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாட்டில் நோட்டா முதன்முதலில் வந்ததே எங்கள் ஜோடித் தொகுதியான ஏற்காட்டில்தான், 2013 டிசம்பர் இடைத்தேர்தலில். ஆனால் உள்ளாட்சிச் சீட்டில் அந்தக் கட்டம் கிடையாது.

ஆளை விட்டுவிட்டு விஷயத்துக்கு ஓட்டுப் போடுகிற புண்ணியவான்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் கொம்பைத் தீய்க்காமல் மாடு வளர்ப்பவருக்கு மானியம் தரலாமா என்று 2018-இல் நாடு முழுக்க ஓட்டெடுத்தார்கள். மக்கள் வேண்டாமென்றுவிட்டார்கள். கொம்புக்கு யாரும் மாமனில்லை, எவ்வளவு நிம்மதி! எங்களுக்கு அந்த மாதிரி வாய்ப்பு கிராம சபையில்தான். முன்பு வருஷத்துக்கு நாலு, இப்போது மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு. முதலில் நோட்டு வரும், கையெழுத்துப் போடுவோம். அப்புறம் டீ வரும். தீர்மானம் கடைசியில் வரும், சந்தையில் ஏலம் விடும் வேகத்தில். ஒருமுறை வாழைத்தாரை நாசம் பண்ணும் குரங்குகளைப் பிடிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டோம். ஏகமனதாக நிறைவேறியது. குரங்குகள் இன்னும் அமல்படுத்தவில்லை.

2019-இல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சியின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. அடுத்த வெள்ளைச் சீட்டில் நிற்க ஆசைப்படும் மாமன், மச்சான், பங்காளிகள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களுக்குள் உட்கார்ந்து பேசி ஒரே ஆளாக நில்லுங்கள். முடியாதென்றால் தயவுசெய்து அடுத்த வார்டில் நில்லுங்கள். பிரச்சாரத்துக்கு நானே கொடி பிடித்து வருகிறேன்.