நாய்க்கு இருக்கு, பால்கோவாவுக்கு இருக்கு, உனக்கு?

ஏலே தம்பி, நம்ம ராஜபாளையம் நாய்ல நல்ல குட்டி ஒண்ணு முறையா வாங்கிப் பாரு. தகப்பன் பேரு, தாய் பேரு, தாத்தன் பேரு எல்லாம் போட்டு கென்னல் கிளப் சீட்டு ஒண்ணு கையில குடுப்பாக. 2005-ல அந்த நாய்க்குத் தபால்தலையே போட்டாச்சு. இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்து, பூர்வீகம் இன்ன ஊருன்னு சர்க்காரே எழுதி வச்சிட்டு. உன் கொள்ளுத்தாத்தன் பேரு என்னலே? என்ன முழிக்கே?

வம்சாவளி எழுதணும்னு ஆசை வந்துட்டாம். நல்ல ஆசைதான். ஆனா எங்க போய் ஆரம்பிச்சே? செல்லுல. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஒரு குப்பி அனுப்புவானாம். அதுல எச்சிலைத் துப்பி, ஆயிரக்கணக்குல பணமும் கட்டணுமாம். அவன் சோதிச்சுப் பாத்து, ‘நீ தெற்காசியாக்காரன்’னு எழுதி அனுப்புவானாம். இதைச் சொல்ல எச்சில் எதுக்குடே? உன் மூஞ்சி பத்தாதா?

மாசச் சந்தா கட்டுற இடமும் இருக்காம். அங்க கிடக்கிறது முக்காவாசி வெள்ளைக்காரன் வீட்டுக் கல்யாணக் கணக்கு. மேற்கே மலையடிவாரத்துல மாங்காத்தோப்புக்குக் காவல் கிடந்த உன் பாட்டன் அதுல எப்படி வருவாரு? ஃபேமிலிசர்ச்னு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல ஒரு சபைக்காரவுக நடத்துதாக, காசு கேக்க மாட்டாக. உங்க வழியில வேதக்காரவுக யாரும் இருந்தா அதை ஒரு எட்டுப் பாரு. அதுக்கும் முந்தி உள்ளூர் சர்ச்சுல ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேளு. மத்தபடி செல்லை உள்ள வையி.

வீட்டுல காலை நீட்டி உக்காந்திருக்காளே அப்பத்தா, அவகிட்டப் போ. போனை மூஞ்சிக்கு நேரா நீட்டி, ‘பாட்டி, நம்ம பூர்வீகத்தைப் பத்திச் சொல்லுங்க’ன்னு கேட்டே, ஒரு வார்த்தை பெயராது. ‘ஆமா, உங்க நாத்தனாருக்கும் உங்களுக்கும் எதுல பேச்சு நின்னுச்சு?’ன்னு மெல்ல எடுத்துக் குடு. அப்புறம் பாரு. எவன் பந்தியில உக்கார மாட்டேன்னு எந்திரிச்சுப் போனான், எவன் யாரைக் கட்டுனான், எந்தப் புஞ்சையை எவன் அமுக்குனான், கண்டிச்சீமைத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பி வந்தானா இல்லையா... நாலு தலைமுறையும் ஒரு மத்தியானத்துல வந்து விழும். நல்ல காரியம் மறந்தாலும் மறக்கும், சண்டை மறக்காது பாத்துக்கோ. பதிவு பண்ணுதேன்னு அவகிட்டச் சொல்லிட்டே பண்ணு. சொன்னா இன்னும் ரெண்டு பேரைச் சேத்துத் திட்டுவா, அதுவும் லாபம்தான்.

அவ சொன்னதுக்குச் சாட்சி வேணும்லா? பரண்ல ஏறு. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, சொம்பு எல்லாத்தையும் இறக்கித் துடை. கழுத்தோரமாப் புள்ளி புள்ளியாப் பேரு வெட்டியிருக்கும். நீ போட்டுக் காட்டுன வம்ச மரத்தைப் பாத்தேன். ஆம்பிளைக்கு ஆம்பிளை தொங்குதான். ஆம்பிளையா பிள்ளை பெத்தான்? பத்திரத்துல பெத்தவ பேரு வாரது அபூர்வம், கோயில் வரி நோட்டுல வாரதே இல்லை. சீர்ப் பாத்திரத்துல இருக்கும். மொய் நோட்டுல அவ பிறந்த ஊரும் மாமன், தாய்மாமன் பேரும் இருக்கும். பழைய பாத்திரக்காரன் வாசல்ல நின்னு கூவுறதுக்கு முந்தி எழுதிக்கோ.

அடுத்தது குலசாமி. நம்ம பக்கம் பங்குனி உத்தரம்னா எங்கெங்கயோ பிழைக்கப் போனவன்லாம் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேருவான். மாசிச் சிவராத்திரிக்குச் சேருத கூட்டமும் உண்டு. தலைக்கட்டு வரி வசூலிக்கிற பெரியவர் கையில ஒரு நீள நோட்டு இருக்கும். எந்த வீடு எப்பப் பிரிஞ்சு தனித் தலைக்கட்டு ஆச்சுன்னு வருசம் தப்பாம அதுல இருக்கும். நீ வரியை மட்டும் ஜிபேயில அனுப்பிட்டு வெளியூர்லயே கிடந்தா எப்படித் தெரியும்?

பேருலயும் தடம் இருக்கு. ராஜபாளையத்து ராஜுக்கள் கெட்டிக்காரவுக. வம்சத்தை இனிஷியல்லயே கட்டி வச்சிருக்காக. பி.எஸ்.குமாரசாமி ராஜா, 1949-ல இருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாண முதலமைச்சரா இருந்தாரே, அவரு முழுப் பேரு பூசபாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. பூசபாடிங்கிறது வீட்டுப்பேரு. ஆந்திராவுல இருந்து ஆளோட சேந்து அந்தப் பேரும் நடந்து வந்திருக்கு. நீ என்ன பண்ணுனே? ஸ்டைலா இருக்கட்டும்னு இருந்த ஒரு இனிஷியலையும் பேருக்குப் பின்னால தள்ளி வச்சிட்டே.

இனிமே காகிதம். 2025 நவம்பர்ல வாக்காளர் பட்டியலைத் திருத்துதோம்னு வீடு வீடாப் படிவம் குடுத்தாகளே. ஊரே 2002, 2005 பட்டியலைப் புரட்டி அப்பன் ஆத்தா பேரைத் தேடுச்சு. பேரு, வயசு, இன்னார் மகன், வீட்டு நம்பர் எல்லாம் அதுல உண்டு. சல்லிக்காசு செலவில்லை. அதே மாதிரி, 1975-க்கு இப்பால உள்ள வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்துல சும்மாவே பாக்கலாம். அதுக்கு முந்தினதுன்னா சார்பதிவாளர் ஆபீசுல மனுப் போடணும். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒண்ணு சிக்கிட்டா உனக்கு யோகம். அண்ணன் தம்பி அத்தனை பேரும் அதுல கையெழுத்தும் கைநாட்டுமா வரிசையா நிப்பாக.

ஆனா ஒண்ணு, மூலப்பத்திரம் தேடி ராஜா பரம்பரையைக் கண்டுபிடிச்சிரலாம்னு நினைக்காதே. கடன்காரர் பரம்பரைதான் வரும். அடமானம், ஒத்தி, ‘குடும்பச் செலவுக்காகப் பெற்றுக்கொண்ட ரொக்கம்’... அப்படித்தான் எழுதியிருக்கும். வருத்தப்படாதே. கடன் வாங்காதவனுக்கு ஆவணமே கிடையாது. கடன்பட்ட தாத்தன்தான் உனக்குத் தாள்ல கிடைப்பாரு.

பேரு விசயத்துல சூதானம். தாத்தன் பேரைப் பேரனுக்கு வைக்கிற ஊரு இது. மாடசாமி மகன் குருசாமி, குருசாமி மகன் மாடசாமின்னு போய்க்கிட்டே இருக்கும். எந்த மாடசாமின்னு தெரியணும்னா பத்திரத்துல நான்கெல்லையைப் பாரு. பக்கத்துப் புஞ்சைக்காரன் பேரு காட்டிக் குடுத்துரும்.

ஜாதக நோட்டுல கொல்லம் ஆண்டு 1098-னு இருக்கும். ஆயிரம் வருசத்துக்கு முந்தின ஜாதகம்னு பேஸ்புக்ல போட்டுராதே. ஆவணியில இருந்து மார்கழி நடு வரைக்கும்னா 824 கூட்டு, அதுக்கு மேல ஆடி முடிய 825. அப்போ 1922, இல்லாட்டி 1923. விரோதி வருசம்னு மட்டும் இருந்தா 1889-ஆ, 1949-ஆ, 2009-ஆன்னு நீதான் யோசிக்கணும். பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதியை நம்பவே நம்பாதே. அந்தக் காலத்துல கையைத் தலைக்கு மேல போட்டு மறுபக்கக் காதைத் தொட்டுட்டான்னா வாத்தியார் அவரா ஒரு தேதியைப் போட்டு உள்ள உக்கார வச்சிருவாரு.

எந்த ஆபீசுக்குப் போறதுன்னும் தெரிஞ்சுக்கிடணும். உங்க வீடு அங்கேயேதான் இருக்கு, ஜில்லாதான் நகந்துக்கிட்டே இருந்துருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரைக்கும் திருநெல்வேலி ஜில்லா. பிறகு ராமநாதபுரம். ஆனா கலெக்டர் ஆபீசு இருந்ததென்னவோ மதுரையில! 1985-ல தனி மாவட்டம் ஆச்சு, அதுதான் இப்ப விருதுநகர். 1900-த்துச் சமாச்சாரத்தை விருதுநகர்ல போய்க் கேட்டா அவுக பாவம் எங்க போவாக? இனாம் நிலம் இருந்த குடும்பம்னா சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துல இனாம் பதிவேடு உண்டு. ரயில் டிக்கெட்டு செலவு. அதைக் கடைசியா வச்சுக்கோ.

ரத்தம் ரத்தம்னு ரொம்பத் துள்ளாதேடே. ஆண்டாளைத் துளசிச் செடியடியில கண்டெடுத்து வளத்தவருதான் பெரியாழ்வார். பெத்தவரா? இன்னைக்கும் மார்கழித் திருவிழாவுல ஆண்டாள், பெரியாழ்வார் வழிவந்த வேதப்பிரான் பட்டர் வீட்டுக்கு எழுந்தருளுவா. மக பிறந்த வீட்டுக்கு வாராள்னு காய்கறியெல்லாம் பரப்பி வச்சு வரவேப்பாக. பச்சைப் பரத்தல்னு பேரு. இதுல எச்சில் குப்பி எங்க இருக்கு? உங்க வீட்டுல எடுத்து வளத்த பிள்ளை இருந்தா, அடிக்குறிப்புல போடாதே. நடுக்கிளையில போடு.

நாப்பது பக்க நோட்டு ஒண்ணு, பென்சில் ஒண்ணு வாங்கு. பேனா வேண்டாம், அழிக்க வேண்டியது நிறைய வரும். கொஞ்சம் எழுதினதும் பங்குனி உத்தரத்துக்குக் கொண்டுபோய்ப் பங்காளிக முன்னால சத்தமா வாசி. ‘எங்க தாத்தன் பேரை எதுக்குலே உங்க தாத்தனுக்குக் கீழ போட்டே’ன்னு ஒருத்தன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எந்திரிப்பான். அவன்கூட மல்லுக்கு நிக்காதே. பக்கத்துல உக்கார வச்சு, பென்சிலை அவன் கையில குடுத்துரு.