மீனுக்கு ஒரு புளியரை

வீட்டுத் தொட்டியில் மீன் செத்து மிதந்தால் தென்காசிப் பக்கம் அதற்கு ஒரே விளக்கம்தான். "வீட்டுக்கு வர வேண்டிய கண்டத்த அது வாங்கிட்டுப் போயிட்டு." சொல்பவர் முகத்தில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரியும். ஆச்சிக்கு வர இருந்த வாதம், மூத்தவன் பைக்குக்கு எதிரே வர இருந்த லாரி, கடைக்கு வர இருந்த வரி நோட்டீஸ் எல்லாம் ஐம்பது ரூபாய் மீனின் தலையோடு போயிற்று என்றால், அந்தப் பிரீமியத்துக்கு எந்தக் காப்பீட்டுக் கம்பெனியும் பாலிசி தராது. மறுநாளே இன்னொரு மீன் வந்துவிடும். அடுத்த கண்டத்துக்கு ஆள் வேண்டுமே. இந்தக் கொள்கையோடு எனக்குப் பெரிய சண்டை கிடையாது, தேதிதான் இடிக்கிறது. ஜாதகப்படி கண்டம் எந்த மாதத்திலும் வரலாம். தொட்டிக்கு வரும் கண்டமோ பெரும்பாலும் புது மீன் வாங்கி விட்ட இரண்டு வாரத்துக்குள் வருகிறது. வந்தால் பழைய மீன்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. ராகுவும் கேதுவும் மீன்கடை பில்லைப் பார்த்துப் பெயர்ச்சியாவதாக எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை. அப்படியானால் கண்டம் பாலிதீன் பையில்தான் வந்திருக்கிறது. என் கட்சி இவ்வளவுதான்: மீன் வளர்க்க நினைப்பவர் அழகான தொட்டி ஒன்று வாங்கினால் அழகில்லாத தொட்டி ஒன்றும் வாங்க வேண்டும். புதுமீன் எதுவானாலும் மூன்று நான்கு வாரம் அந்த அழகில்லாத தொட்டியில் தனியே கிடந்துவிட்டுத்தான் கூடத்துக்கு வர வேண்டும்.

பையில் வருகிறவரைக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கலாம். இக்தியோஃப்திரியஸ் என்று ஓர் ஓரணு உயிரி. கடைக்காரர்கள் வாய்க்கு வந்தபடி சுருக்கி 'இக்' என்பார்கள். வீடுகளில் வெள்ளைப் புள்ளி. மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து, உட்கார்ந்து தின்று, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பருக்கும். அதுதான் நாம் பார்க்கும் புள்ளி. பருத்ததும் மீனைவிட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கல்லிலோ மண்ணிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். உள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் புறப்படும். அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் செத்துப்போகும். நாம் ஊற்றும் மருந்து வேலை செய்வது இந்த ஓரிரு நாள் நீச்சல்காரர்களிடம் மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அது தொடாது. குளிர்ந்த தண்ணீரில் இந்தச் சுற்று வாரக்கணக்கில் இழுக்கும். நம்மூர் வெக்கையில், தண்ணீர் 25, 26 டிகிரி இருந்தால், ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். முதல் தலைமுறை செவுளில் நாலைந்தாக ஒளிந்திருப்பது கண்ணில் படாது. இரண்டாவது, மூன்றாவது தலைமுறைதான் படும். ஆகவே "நேத்து வர நல்லாத்தான நீந்துச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு தடவை இக் வந்து பிழைத்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும்; அதன்பிறகு ஒன்றிரண்டைச் சுமந்துகொண்டு புள்ளியே இல்லாமல் பளபளவென்று திரியும். கடையில் மீன் சுறுசுறுப்பாக இருந்தது என்றால் அந்த மீன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அது தனியாக வருகிறது என்று அர்த்தமில்லை.

தனியே வைத்துப் பார்ப்பது தென்காசிக்காரர்களுக்குத் தெரியாத வித்தையா? கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று பேப்பரில் வந்தால் போதும், புளியரைச் சோதனைச் சாவடியில் கால்நடைத் துறையினர் மருந்துத் தெளிப்பானோடு நிற்பார்கள். கோழியும் வாத்தும் முட்டையும் ஏற்றிய வண்டி வந்த வழியே திரும்பும். 2020-இல் அதே சாவடியில் மனிதர்கள் இ-பாஸ் காட்டி நின்றார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டி 14 நாள் உள்ளே உட்காரவைத்தார்கள். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரையும் படியேற விடாத ஊர் இது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தொழிலாளர்களை வெள்ளைக்காரன் காலத்தில் மண்டபம் முகாமில் தங்கவைத்து, உடம்பைச் சோதித்த பிறகே கடல் தாண்ட விட்டார்கள். மனிதர்களைத் தனிமைப்படுத்திய அந்த மண்டபம் முகாமுக்குத்தான் 1949-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் குடிவந்தது. மீனுக்கும் தனிமைக்கும் உள்ள பொருத்தத்தைச் சரித்திரமே பார்த்துவைத்திருக்கிறது. இறாலுக்கு நடந்ததும் இதுதான். 1994, 95-இல் கிழக்குக் கரை இறால் பண்ணைகளை வெண்புள்ளி வைரஸ் அழித்தது (பெயர்தான் ஒன்று, நம் 'இக்' வேறு ஆள்). அந்தச் சூடு நினைவிருந்ததால், 2009-இல் வனாமி இறாலை உள்ளே விட்டபோது, தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தனி நிலையத்தில் இருந்து, சோதனை முடித்து வர வேண்டும் என்று அரசு விதி போட்டது. அரசாங்கமே இறாலை நம்பவில்லை. நாம் மட்டும் பஸ்ஸில் பையோடு வந்த மீனை, பை தண்ணீரையும் தீர்த்தமாகப் பாவித்து, நேராகத் தொட்டியில் கவிழ்க்கிறோம்.

இனி அந்த அழகில்லாத தொட்டி. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருந்தால் விளிம்புவரை 42 லிட்டர் பிடிக்கும். சின்ன மீன்களுக்கு இது தாராளம். கண்ணாடியே வேண்டும் என்றில்லை, ஒளி புகும் பிளாஸ்டிக் பெட்டியும் போதும். அடியில் கல், மண், சிப்பி, பவளம், புதையல் பெட்டியைத் திறந்து திறந்து மூடும் பொம்மை எதுவும் கூடாது. வெறும் தரைதான். உறை கட்டி ஒட்டிக்கொள்ளும் உயிரிக்கு நாமே குடிசை போட்டுத்தரக் கூடாது; தினமும் குழாயால் அடித்தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் பாதிப்பேர் அதிலேயே வெளியேறிவிடுவார்கள். மீன் ஒளிந்துகொள்ள பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. குழாய்த் துண்டு ரெண்டு. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஓர் ஏர் பம்ப், ஒரு மூடி. புது மீன் முதல் ராத்திரி துள்ளி வெளியே விழுவது சகஜம். ஹீட்டர் என்றால் சிரிப்பார்கள்; ஆனாலும் ஒன்று வேண்டும். ஆனி ஆடிச் சாரலில் ராத்திரி தண்ணீர் சட்டென்று குளிர்ந்து பகலில் ஏறுவது, பயணக் களைப்போடு வந்த மீனுக்கு ஆகாது. வலை, குவளை, குழாய் மூன்றும் இந்தத் தொட்டிக்கென்று தனியாக வேண்டும். பெரிய தொட்டியின் வலையையே இங்கும் போட்டு எடுப்பது, சாவடியில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு டிரைவர் கையிலிருந்த கோழியை மட்டும் வாங்கிக்கொண்ட கணக்கு.

வெளிச்சத்தில்தான் ஆட்கள் அதிகம் வழுக்குகிறார்கள். தொட்டி என்றதும் விளக்கு நினைவு வரும்; விளக்கு என்றதும் ரிமோட் வைத்த, பதினாறு நிறம் மாறும் எல்.இ.டி. பட்டை. கொடைத் திருவிழா சீரியல் செட்டைக் கொண்டுவந்து நோயாளி தலைமாட்டில் கட்டுகிற வேலை இது. தனிமைத் தொட்டியில் செடி கிடையாது, ஆகவே வெளிச்சத்தைத் தின்பார் யாருமில்லை. மீனுக்கு இமை கிடையாது, ஆகவே கண்ணை மூடிக்கொள்ளவும் வழியில்லை. முதல் நாள் விளக்கே வேண்டாம். பிறகு மங்கலான வெளிச்சம் பகலில் ஆறேழு மணி நேரம், இரை கண்ணுக்குத் தெரிந்தால் போதும். மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினால் மீன் இன்னும் அடங்கும். விளக்கைப் போடும்போதும் முதலில் அறை விளக்கு, சற்றுப் பொறுத்துத் தொட்டி விளக்கு; கும்மிருட்டில் திடீரென்று போட்டால் மீன் கண்ணாடியில் போய் முட்டும். இவ்வளவு சிக்கனத்துக்கு இன்னொரு காரணம் 'வெல்வெட்' என்கிற நோய். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி பச்சையத்தை உடம்பில் வைத்துக்கொண்டு வெளிச்சத்திலும் கொஞ்சம் சமைத்துச் சாப்பிடும். ஆகவேதான் அனுபவஸ்தர்கள் வைத்தியத்தின்போது தொட்டியைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். இதையெல்லாம் கேட்டுவிட்டு விளக்கையே கழற்றிவிடவும் கூடாது. தனிமைத் தொட்டியின் விளக்கு மீனுக்கானது இல்லை, பார்க்கிறவருக்கானது. அது வெள்ளை விளக்காக இருக்க வேண்டும். பல கடைகளில் தொட்டிக்கு மேலே ஓர் இளஞ்சிவப்புக் குழல் எரியும். அதன் கீழே வெளிறிய மீனும் கல்யாண மாப்பிள்ளைபோல் சிவந்து நிற்கும். நீல வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளி எது, செதில் மினுமினுப்பு எது என்று பிரிக்கவே முடியாது. வெள்ளை விளக்கை ஒருநாளைக்கு இரண்டு நேரம் போட்டு மீனை ஒவ்வொரு பக்கமாக ஆராய வேண்டும். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், வெல்வெட் இருக்கும் மீனின் முதுகில் தங்கப்பொடி தெரியும். நகைக்கடைக்காரர் பார்த்தால் மகிழ்வார். மீன்காரர் மகிழக் கூடாது.

இதற்கு ஊரில் வருகிற முதல் ஆட்சேபம் குற்றாலத்தைச் சாட்சிக்கு இழுக்கும். "சீசன்ல லட்சம் பேரு பேரருவியில ஒண்ணாக் குளிக்கான். எவன் வரிசையில நின்னு டாக்டர் சர்டிபிகேட் காட்டுதான்?" நியாயமான கேள்வி. பதிலும் அருவியிலேயே இருக்கிறது. உங்கள் தலையில் விழுந்த தண்ணீர் திரும்ப மேலே ஏறி உங்கள் தலையில் விழுவதில்லை. அது சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேரப் போய்விடுகிறது. ஆற்றில் மீனைவிட்டு உதிர்ந்த ஒட்டுண்ணிக்கும் இதே கதிதான். அதன் குஞ்சுகள் இன்னொரு மீனைத் தேடி அலைந்து பெரும்பாலும் தோற்கும். தொட்டியில் தண்ணீர் எங்கும் போவதில்லை, மீனும் போவதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு விலா கிடைக்கும். இரண்டாவது ஆட்சேபம், கடை அண்ணாச்சி நல்லவர் என்பது. சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கடைக்கு மீன் கொளத்தூரிலிருந்தும் பல பண்ணைகளிலிருந்தும் வருகிறது. ஐந்து ஊர் மீன் ஒரே தண்ணீரில் இருக்கும்போது அண்ணாச்சியின் நல்ல குணம் அவற்றுக்கு நடுவே நின்று மறிக்காது. பழைய சரக்கு விற்றால்தான் புதுச் சரக்கு எடுக்க முடியும் என்கிற வியாபாரிக்கு மீனை ஒரு மாதம் சும்மா வைத்திருக்கச் சொல்வதும் நியாயமில்லை. "சவத்துக்குத் தனித் தொட்டி வேறயா?" என்பது மூன்றாவது. செலவுக் கணக்கை, பெரிய தொட்டி முழுவதும் போனபின் அதைக் காலி செய்து, கல்லைக் கழுவி, செடியை எறிந்து, மறுபடி மீன் வாங்குகிற கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் இப்படித் தள்ளிவிட முடியாது. தனிமைத் தொட்டியே மீனைக் கொல்கிறது என்பார்கள். பல வீடுகளில் அது உண்மை. மீன் கடையிலிருந்து வந்த அன்றுதான் பரணிலிருந்து தொட்டியை இறக்கி, குளோரின் வாசம் போகாத குழாய்த் தண்ணீரை நிரப்பி, புத்தம்புது ஸ்பாஞ்சைப் போட்டால், நோய் வருவதற்கு முன் அம்மோனியா வந்துவிடும். மீனின் கழிவில் பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில் குடியேறப் பல வாரம் ஆகும். பரிகாரம் எளிது. ஒரு ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் மூலையில் ஓடவிட்டு வையுங்கள். புது மீன் வரும் நாளில் அதை எடுத்துத் தனிமைத் தொட்டியில் போடுங்கள். தண்ணீரை ஒருநாள் முன்னதாகவே பிடித்துக் காற்றுப்பட வையுங்கள். இரையைப் பாதியாக்கி, அன்றாடம் கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். நோய் தெரியாமல் மெத்திலின் புளூவைக் கலக்காதீர்கள். அது அந்த நல்ல பாக்டீரியாக்களையே முதலில் கவனிக்கும். கூட்டமாக வாழும் மீனென்றால் ஆறையும் சேர்த்தே வாங்கி ஒன்றாக உள்ளே வையுங்கள். தனிமை என்பது ஊரிலிருந்துதான், உறவிலிருந்து அல்ல. இருபதாம் நாள் எல்லாம் நன்றாக இருக்கும்போது கை அரிக்கும், பெரிய தொட்டிக்கு மாற்றிவிடலாமே என்று. 1377-இல் ரகூசா துறைமுகத்தார் கொள்ளைநோய்க்குப் பயந்து கப்பல்களையே 30 நாள் ஊருக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். உள்ளே மிளகும் பட்டும் காத்துக் கிடந்தன. நம்மிடம் காத்துக் கிடப்பது நாலு மாலி மீன்.

கடைசியாக, தனிமைத் தொட்டியிலிருந்து அன்றாடம் மாற்றி எடுக்கும் தண்ணீர். வாய்க்காலில் ஊற்றினால் அது தாமிரபரணிக்குத்தான் போகும். தாமிரபரணிக்கே உரிய ஒரு கெண்டைக்கு 1954-இல் ஈ.ஜி. சைலாஸ் ஆற்றின் பெயரையே வைத்தார். பின்னாளில் அவர்தான் மண்டபத்துக்குக் குடிவந்த அந்தக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநரானார். அப்படிப்பட்ட ஆற்றுக்கு நாம் ஏற்கெனவே செய்திருப்பது கொஞ்சமில்லை. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை இன்று நீர்நிலைகளை நிரப்பியிருக்கிறது. 'டேங்க் கிளீனர்' என்று விற்ற மீன் தொட்டியில் அடங்காமல் போய் ஏரியிலும் ஆற்றிலும் பெருகிக் கிடக்கிறது. தனிமைத் தொட்டித் தண்ணீரைச் சிற்றாற்றுக்குப் போகும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள், வேண்டாத மீனையும் அங்கே விடாதீர்கள். வெயில் விழும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். வலையையும் வெயிலில் காயப்போடுங்கள். இக் எத்தனை மருந்துக்குத் தப்பினாலும், உலர்ந்துபோனால் பிழைக்காது.