எண்ணெய் குடிக்காத வண்டி

மின்சாரக் காருக்கு ஆயில் செலவே கிடையாது என்று ஷோரூமில் சொல்வது பாதி உண்மை. இஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மூன்றும் ஒழிந்தன, மறுப்பில்லை. எரிவதே இல்லாத மோட்டாரில் ஆயிலைக் கறுப்பாக்கக் கரியும் இல்லை. ஆனால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும் அந்த மோட்டாரின் வேகத்தைச் சக்கரத்துக்குத் தக்கபடி குறைக்கும் பற்சக்கரங்கள் ஆயிலில்தான் ஓடுகின்றன. பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும், பெரும்பாலான கார்களில் பேட்டரிக்குக் கூலன்ட் வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். சென்னைப் பக்கத்தில் ஈரத்துக்கா பஞ்சம்?

சர்வீஸ் பில் குறைகிறதே என்பீர்கள். குறைகிறது. மிச்சத்தை டயருக்கு எடுத்து வையுங்கள்: பேட்டரியின் எடையும், மிதித்தவுடன் பாயும் இழுவிசையும் ரப்பரைத் தேய்க்கும். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்பல்லோ டயர்ஸுக்கு இதில் வருத்தம் இருக்காது. மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமும் திருப்பித் தருவதால் பிரேக் பேட் அதிகம் தேயாது. வேலையில்லாத டிஸ்க்கில் துரு ஏறும், காலிப்பர் பின் இறுகிக்கொள்ளும். சும்மா இருந்ததற்கும் ஒரு சர்வீஸ்! வண்டியில் மட்டுமல்ல, அதைச் செய்யும் ஆலையிலும் இதே கதைதான்: இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2025இல் விற்பனைக்கு வந்த க்ரெட்டா எலக்ட்ரிக் காருக்குத் தகடு வளைக்கும் பிரஸ்ஸும் வெல்டிங் ரோபோவும் ஆயிலும் கிரீஸும் இல்லாமல் அசையாது. ஆகவே ஒரகடம் மெக்கானிக்குகள் போர்டில் ‘ஆயில்’ என்பதை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். பக்கத்தில் ‘கூலன்ட்’ எழுத இடம் விட்டால் போதும்.