மாப்பிள்ளை தேவையில்லை

கேள்வி: குச்சிப்பூச்சிக்கு ஆண் துணையே வேண்டாமாமே, நிஜமா? (வாசகி, தேனி)

பதில்: எல்லாவற்றுக்கும் இல்லை. உலகத்தில் 3,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. பலவற்றில் முறைப்படி ஜோடி சேர்வதுதான் வழக்கம். சில இனங்களில் ஆண் வாரக்கணக்கில் பெண்ணின் முதுகைவிட்டு இறங்குவதே கிடையாது. (சவாரிச் செலவு பெண்ணுடையது.)

நீங்கள் கேள்விப்பட்டது ‘காராசியஸ் மொரோசஸ்’ ஆக இருக்கும். உங்கள் பக்கத்து மலைக்காரிதான். கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரிலிருந்து நூறு வருஷத்துக்கு முன்பே ஐரோப்பா போய்ச் சேர்ந்தவள். இன்றைக்கும் அங்கே ஆய்வுக்கூடத்திலும் பள்ளிக்கூட ஜாடியிலும் ஐவி இலையைத் தின்றுகொண்டிருக்கிறாள். ஆண் பிறப்பதே அபூர்வம். கருவுறாத முட்டையிலிருந்தே மகள்கள், அப்படியே அம்மா ஜாடையில். முட்டைகள் நூற்றுக்கணக்கில். நின்ற இடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே நழுவவிடுவாள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். பார்ப்பதற்கு ஏதோ விதை மாதிரி இருக்கும், தலையில் சின்னக் குமிழோடு. பல குச்சிப்பூச்சி இனங்களில் அந்தக் குமிழுக்கு ஆசைப்பட்டு எறும்புகள் முட்டையைப் புற்றுக்குள் தூக்கிப்போகும். குமிழைத் தின்றுவிட்டு முட்டையை விட்டுவிடும். இலவச ஆயா!

நடிப்புதான் எனக்குப் பிடித்த விஷயம். முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னால் நேராக நீட்டிக்கொள்வாள். தொடையின் அடியில் தலை பொருந்துவதற்கென்றே ஒரு வளைவு செதுக்கியிருக்கிறது. நீட்டினால் தலை இருக்கிற சுவடே தெரியாது. அந்த இடம் மட்டும் சிவப்பு. தொட்டால் விறைத்து விழுந்துவிடுவாள். காலைத் தூக்கி எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும்.

செண்பகனூர்ப் பக்கம் போனால் தேடிப் பாருங்கள். ஆண் கண்ணில் பட்டால் எனக்கு உடனே எழுதுங்கள், அதுதான் செய்தி.