வேலி போட்ட வழக்கு

கேள்வி: சீருடை போட்டவர் 'சோதனை' என்று சொல்லி வந்தால், அவர் செய்வதெல்லாம் சட்டப்படிதானா?

பதில்: வாச்சாத்தி மக்களைக் கேளுங்கள். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். ஊர்க்காரர்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். கட்டை புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ச் சீரழித்தார்கள். குடிக்கிற கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். கிணற்றைக் கெடுக்கச் சொல்லும் பிரிவு எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது?

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. இங்கே மேய்ந்த வேலி, பயிர்மீதே திருட்டு வழக்கும் போட்டது. அடிபட்டவர்கள்தான் சிறைக்குப் போனார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அந்த 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அதில் பாதியை அந்தப் பாலியல் வன்கொடுமையைச் செய்த குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும். 31 வருஷம்! அதுவரை விடாமல் நீதிமன்றப் படியேறிய அந்தப் பெண்களின் கால்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, சட்டப்படி என்றால் எப்படி? கைது செய்ய வருகிறவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். தேதி, நேரம் எழுதி, சாட்சியின் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு தயாரிக்க வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொன்னது இது. அடுத்த முறை யாராவது கதவைத் தட்டினால், முதலில் அந்தப் பெயர்ப்பட்டையைச் சத்தமாகப் படியுங்கள்.