மண்ணுக்கேற்ற சூடு

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். எந்த மண் எவ்வளவு சூடு தாங்கும் என்று விரல்நுனியில் கணக்கு வைத்திருப்பார். பொம்மை வெடித்தால் மண்ணைத் திட்டமாட்டார். இதையெல்லாம் கற்றுக்கொடுக்க ஊரில் அரசுப் பயிலகமே இருக்கிறது.

ஆட்டிசம் உள்ள மூன்று வயதுப் பிள்ளையோடு டே கேர் வாசலில் நின்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரே சூடு. “பேசுவானா மேடம்? ஒரே எடத்துல உக்காருவானா? மத்த பேரண்ட்ஸ் ஏதாவது சொல்வாங்களே...” மூன்று வயதில் ஒரே இடத்தில் உட்காரும் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறதோ! “பேச்சு வந்ததும் கூட்டிட்டு வாங்க” என்பது கடைசித் தீர்ப்பு. பேச்சு வரட்டும் என்றுதானே பிள்ளைகள் நடுவில் விடச் சொன்னார் டாக்டர்?

சட்டமும் சளைத்ததல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளின் பட்டியலில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. இலவசக் கல்வி உரிமை மட்டும் 6 வயதில்தான் தொடங்கும். பயிற்சியைச் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டுமாம்; உரிமை சாவகாசமாக வருமாம். பன்முகக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில். கடல்காற்று நன்றாக வரும். விருத்தாசலத்தில் நம்மிடம் இருப்பது ரயில்வே ஜங்ஷன்.

2023 நவம்பரில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக அங்கன்வாடிகளுக்கு மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. அதைப் படித்துச் செய்ய ஆயாவுக்கு இன்னும் இரண்டு கை வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள அரசு “முயல வேண்டும்” என்கிறது அந்த 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு. அட்மிஷனுக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.